ஆடும் இருக்கை, சாயும் தலை, கழுத்தில் உரசும் பெல்ட்: காரில் குழந்தை இருக்கைக் கோளாறுகளைச் சரிசெய்வது எப்படி?

குழந்தை இருக்கை சரியாக அமையவில்லை என்றால் உடனே பழி இருக்கையின் மேல் விழும். உண்மையில் பொருளில் குறை இருப்பது அபூர்வம். மாட்டிய விதத்தில்தான் பெரும்பாலும் கோளாறு இருக்கும், அதுவும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில். பார்த்தால் எல்லாம் கச்சிதமாக இருக்கும், கையை வைத்து ஆட்டினால்தான் குட்டு வெளிப்படும். அதனால் உங்களுக்குத் தெரியும் அறிகுறியிலிருந்து தொடங்கி, காரணத்தைத் தேடிப் போகும் வகையில் இதை எழுதியிருக்கிறேன். உங்கள் பிரச்சினை எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம்.

அதற்கு முன்னால் இரண்டு கையேடுகளையும் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள்: ஒன்று குழந்தை இருக்கையுடன் வந்தது, மற்றொன்று வண்டியுடன் வந்தது. இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எந்த இடத்தில் எந்த வகை இருக்கையை வைக்கலாம் என்ற அட்டவணை அதில்தான் இருக்கும். நான் இங்கே சொல்வதும் கையேடு சொல்வதும் முரண்பட்டால் கையேட்டைக் கேளுங்கள்.

பிடித்து ஆட்டினால் இருக்கை நகர்கிறது

முதலில் எங்கே பிடித்து ஆட்டினீர்கள் என்று பாருங்கள். தலைப்பக்கத்தைப் பிடித்து ஆட்டினால் எந்த இருக்கையும் கொஞ்சம் ஆடும். பின்னோக்கிய இருக்கை (குழந்தை வண்டியின் பின்பக்கம் பார்த்து உட்காருவது) என்றால் மேல்பகுதி நன்றாகவே அசையும். அது கோளாறு இல்லை. வண்டியின் பெல்ட் இருக்கைக்குள் நுழைந்து போகும் பாதை இருக்கிறதல்லவா, அந்த இடத்தில் ஒரு கையால் பிடித்து, கை குலுக்கும்போது இருக்கும் அளவு பலத்தோடு இடமும் வலமும், முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஒரு அங்குலத்துக்கு மேல், அதாவது சுமார் இரண்டரை செ.மீ.க்கு மேல் நகர்ந்தால்தான் தளர்வு.

பெல்ட்டால் கட்டியிருந்தால், பெரும்பாலும் பெல்ட் பூட்டாமல் இருப்பதுதான் காரணம். வண்டியின் பெல்ட் சாதாரணமாகத் தாராளமாக வெளியே வரும், திடீரென்று பிரேக் அடித்தால் மட்டும் பிடித்துக்கொள்ளும். பெரியவர்களுக்கு அது போதும், குழந்தை இருக்கைக்குப் போதாது. பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுத்துவிட்டு, மெல்ல உள்ளே விட்டுப் பாருங்கள். 'கடகட' என்று சத்தம் கேட்டு, அதன்பின் வெளியே வர மறுத்தால் உங்கள் வண்டியின் பெல்ட்டில் பூட்டும் வசதி இருக்கிறது. அந்த நிலையில்தான் இருக்கையைக் கட்ட வேண்டும். சத்தமே வரவில்லையா? அப்படியானால் குழந்தை இருக்கையிலேயே பெல்ட்டைக் கவ்விப் பிடிக்கும் கிளிப் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் பெல்ட் பாதையின் ஓரத்தில் வண்ணம் தீட்டிய பிளாஸ்டிக் துண்டாக அது இருக்கும்.

பெல்ட் பூட்டியும் ஆடுகிறது என்றால் இறுக்கிய விதம் சரியில்லை. முழங்கையை இருக்கையின் நடுவில் ஊன்றி, உடல் பாரத்தை அதன்மேல் சாய்த்து, இன்னொரு கையால் மடிப்பகுதி பெல்ட்டில் இருக்கும் தளர்வைத் தோள்பகுதி வழியாக மேலே இழுங்கள். பக்கவாட்டில் இழுத்தால் பாதித் தளர்வு உள்ளேயே தங்கிவிடும். பெல்ட் எங்கேயாவது முறுக்கிக்கொண்டிருந்தால் எவ்வளவு இழுத்தாலும் இறுகாது.

இதற்குப் பிறகும் ஆடினால் வண்டியின் பக்கிளைப் பாருங்கள். சில வண்டிகளில் பக்கிளின் தண்டு நீளமாக இருக்கும். அப்போது பக்கிளின் தலை குழந்தை இருக்கையின் பிளாஸ்டிக் விளிம்பில் போய் உட்கார்ந்துவிடும். பெல்ட் நேராக இழுபடாமல் அந்த விளிம்பில் மடங்கும். விபத்தில் முழு விசையும் பக்கிளின்மேல் குறுக்கே விழும். இதற்கு மருந்து இல்லை. வண்டியில் வேறு இடத்துக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் அந்த வண்டிக்கு அந்த இருக்கை பொருந்தாது.

ஐசோஃபிக்ஸ் பச்சை காட்ட மாட்டேன் என்கிறது

ஐசோஃபிக்ஸ் என்பது பெல்ட் இல்லாமல், வண்டியில் பதித்த கம்பிகளில் இருக்கையைக் கொக்கியால் மாட்டும் முறை. வண்டி சீட்டின் முதுகும் அடிமெத்தையும் சேரும் இடுக்கில் விரலை விட்டால் இரண்டு இரும்புக் கம்பிகள் தட்டுப்படும். 6 மி.மீ. தடிமன், நடுவிலிருந்து நடுவுக்கு 28 செ.மீ. இடைவெளி. இருக்கையின் இரண்டு கொக்கிகளும் அவற்றைக் கவ்வ வேண்டும். ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் சிவப்பு என்றால் இருக்கை கோணலாக நுழைந்திருக்கிறது, அல்லது சீட்டின் துணியோ நுரையோ கொக்கிக்குள் மாட்டியிருக்கிறது. முழுவதும் வெளியே எடுத்துவிட்டு, இடுக்கில் கையை விட்டுத் துழாவுங்கள். நாணயம், பேனா மூடி, பொம்மைச் சக்கரம் என்று எதுவும் கிடைக்கலாம். இரண்டு பக்கமும் 'டிக்' என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். பச்சை வந்தபின்னும் ஒரு முறை வெளியே இழுத்துப் பாருங்கள்.

நடு சீட்டுக்குப் பல வண்டிகளில் தனிக் கம்பிகள் கிடையாது. இடது ஓரத்தில் ஒன்று, வலது ஓரத்தில் ஒன்று என்று கடன் வாங்கி நடுவில் மாட்டுவது, கையேடு வெளிப்படையாக அனுமதித்தால் ஒழிய, கூடாது. 'இரட்டைப் பாதுகாப்பு' என்று ஐசோஃபிக்ஸையும் பெல்ட்டையும் சேர்த்து மாட்டுவதும் அப்படித்தான். இருக்கை எந்த முறையில் சோதிக்கப்பட்டதோ அந்த முறையில்தான் அது காப்பாற்றும்.

ஐசோஃபிக்ஸுக்கு எடை வரம்பும் உண்டு. ஐ-சைஸ் வகையில் (ஐ.நா. விதி 129இன்படி வரும் இருக்கைகள்) குழந்தையும் இருக்கையும் சேர்ந்து 33 கிலோ, அமெரிக்க முறையில் 65 பவுண்டு, அதாவது சுமார் 29.5 கிலோ. குழந்தை வளர்ந்து அந்த எல்லையைத் தாண்டினால் பெல்ட் முறைக்கு மாறுங்கள்.

பிரேக் அடித்தால் இருக்கை முன்னால் குனிகிறது

முன்னோக்கிய இருக்கையா? முதுகுக்குப் பின்னால் ஒரு நீளமான வார் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறதா பாருங்கள். அதுதான் மேல்வார். வாங்கிய அன்று கட்டியிருந்த ரப்பர் வளையம்கூடப் பிரிக்கப்படாமல் அது தொங்குவதைப் பல வண்டிகளில் பார்த்திருக்கிறேன். விபத்தில் குழந்தையின் தலை முன்னால் போகும் தூரத்தை இந்த வார் 10 முதல் 15 செ.மீ. வரை குறைக்கும். முன்சீட்டின் முதுகில் தலை மோதுவதா இல்லையா என்பதை அந்தத் தூரமே முடிவு செய்துவிடும்.

செடான் வண்டிகளில் மேல்வாரின் கொக்கி பின்கண்ணாடிக்குக் கீழுள்ள பலகையில் சின்ன மூடிக்குள் இருக்கும். மற்ற வண்டிகளில் பின்சீட்டின் முதுகிலோ டிக்கியின் தரையிலோ கூரையிலோ இருக்கும். டிக்கியில் சாமான் கட்டும் வளையத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். நங்கூரக் குறி போட்ட இடம்தான் இதற்குரியது.

மேல்வாருக்குப் பதிலாகத் தரையில் ஊன்றும் கால் உள்ள இருக்கை என்றால், காலுக்குக் கீழே வண்டியின் தரையைத் தட்டிப் பாருங்கள். 'டொக்' என்று உள்ளீடற்ற சத்தம் வந்தால் அங்கே சாமான் வைக்கும் பெட்டி இருக்கிறது. விபத்தில் கால் அந்த மூடியை உடைத்துக்கொண்டு இறங்கிவிடும். அந்த இடத்தில் வைக்கலாமா என்று வண்டிக் கையேட்டில் பாருங்கள்.

தூங்கும்போது தலை முன்னால் தொங்குகிறது

வயதைப் பொறுத்து இதன் அர்த்தம் மாறும். மூன்று வயதுக் குழந்தை தூங்கித் தலை சாய்ந்தால் பார்க்க ஒருமாதிரி இருக்குமே தவிர, பயப்பட ஒன்றுமில்லை. பிறந்து சில மாதமே ஆன குழந்தையின் தாடை நெஞ்சில் முட்டுகிறது என்றால் வண்டியை ஓரம் கட்டுங்கள். அந்த வயதில் மூச்சுக்குழாய் மிருதுவாக, ஒடுக்கமாக இருக்கும். கழுத்து மடங்கினால் அது அடைபடலாம், சத்தமே வராது.

இருக்கையின் சாய்வுதான் காரணம். பின்னோக்கிய இருக்கை பச்சிளங்குழந்தைக்கு நிமிர்ந்து நிற்காமல், ஏறக்குறைய 45 பாகை வரை சாய்ந்திருக்கும்படி அமைக்கப்படுகிறது. பக்கத்தில் ஒரு குமிழியோ கோடோ இருக்கும். வண்டியைச் சமதரையில் நிறுத்திவிட்டுத்தான் அதைப் பார்க்க வேண்டும். சரிவில் நிறுத்திப் பார்த்துவிட்டு 'சரியாகத்தானே இருக்கு' என்பவர்கள் நிறையப் பேர். வண்டி சீட்டே பின்னால் சரிந்திருந்தால் குழந்தை இருக்கை நிமிர்ந்துவிடும். சில தயாரிப்பாளர்கள் கால்மாட்டில் இறுக்கிச் சுருட்டிய துண்டை வைக்க அனுமதிக்கிறார்கள், சிலர் கூடாது என்கிறார்கள். ஊன்றும் கால் உள்ளதில் வைக்கவே கூடாது.

தலையைப் பிடித்து நிறுத்த நெற்றியில் கட்டும் பட்டைகளும் கழுத்துத் தலையணைகளும் தனியாக விற்கிறார்கள். வேண்டாம். இருக்கையுடன் வராத எதையும் குழந்தைக்கும் அதை இருக்கையோடு கட்டும் வாருக்கும் நடுவில் நுழைக்காதீர்கள்.

வார் இறுகவில்லை

இது ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நானே இதில் ஏமாந்தேன்.

என் தம்பி ஒரு நாள், "அண்ணே, இருக்கை பழுது. எவ்வளவு இழுத்தாலும் வார் தொளதொளன்னுதான் இருக்கு" என்றான். முன்பக்கத்தில் தொங்கும் நாடாவைப் பிடித்து நானும் இழுத்தேன். அது அசையவில்லை, ஆனால் குழந்தையின் தோளில் இரண்டு விரல் நுழைந்தது. பூட்டும் இடத்தில் ஏதோ உடைந்துவிட்டது என்று நானும் முடிவு கட்டிவிட்டேன். பிறகு இருக்கையைக் கழற்றிக் கவிழ்த்துப் பார்த்தால், பின்னால் இரண்டு தோள்வார்களும் வந்து சேரும் இரும்புத் தகட்டில் ஒரு வார் கொக்கியிலிருந்து பாதி நழுவி ஒருக்களித்து நின்றது. துணியைத் துவைத்துவிட்டுத் திரும்ப மாட்டும்போது நடந்தது. ஒரு பக்கம் இறுகியதும் நாடா நின்றுவிடுகிறது, மறுபக்கம் தொங்குகிறது. சரியாக நுழைத்ததும் இரண்டு இழுப்பில் இறுகிவிட்டது. அத்தனை நாளும் அந்தக் குழந்தை ஒரு தோள்வாரை நம்பித்தான் போய்வந்திருக்கிறது.

ஆகவே வரிசையாகப் பாருங்கள். முதலில் இடுப்பு: வாரின் தளர்வு தொடைக்கும் இடுப்புக்கும் நடுவில் பதுங்கிக்கொள்ளும். இடுப்பருகே பிடித்துத் தோள்பக்கமாக மேலே தள்ளிவிட்டு, அப்புறம் நாடாவை இழுங்கள். இறுகவில்லை என்றால் முறுக்கு இருக்கிறதா என்று பக்கிள் நாக்குவரை விரலை ஓட்டிப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் பின்பக்கத் தகடு. போதுமா என்று தெரிந்துகொள்ள, தோள் எலும்புக்கு மேலே வாரை நெடுக்குவாக்கில் கிள்ளிப் பாருங்கள். இரண்டு விரலுக்கு நடுவில் மடிப்பு சிக்கினால் இன்னும் இறுக்க வேண்டும். விரல் வழுக்கிப் போனால் சரி.

தோள்வார் எந்தத் துளையிலிருந்து வருகிறது என்பதும் முக்கியம். பின்னோக்கிய இருக்கையில் தோளின் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ, முன்னோக்கியதில் தோளின் மட்டத்திலோ சற்று மேலேயோ வர வேண்டும். அமெரிக்க வகையில் நெஞ்சுக் கிளிப் ஒன்று இருக்கும், அது அக்குளின் மட்டத்தில் நிற்க வேண்டும். ஐரோப்பிய வகையில் அது இல்லாவிட்டால் தொலைந்துபோனதாக நினைக்க வேண்டாம், அவற்றில் பெரும்பாலும் கிடையாது.

பஞ்சடைத்த குளிர்ச் சட்டை போட்டிருந்தால் இந்தச் சோதனையெல்லாம் பொய்யாகிவிடும். மோதலில் பஞ்சு நசுங்கி, இறுக்கிய வார் தளர்ந்துவிடும். சட்டையைக் கழற்றிவிட்டு வாரைப் பூட்டி, அதற்கு மேல் போர்த்துங்கள்.

கையை வெளியே எடுத்துவிடுகிறது, அல்லது அழுது தீர்க்கிறது

கையை எடுக்க முடிகிறது என்றாலே வார் தளர்வு, மேலே சொன்னதைச் செய்யுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் எடுத்தால் இது பிடிவாதம். வண்டியை நிறுத்துங்கள், திரும்பப் பூட்டுங்கள், பேச்சில்லாமல் கிளம்புங்கள். மூன்று நான்கு முறை சலிக்காமல் செய்தால் பெரும்பாலான குழந்தைகள் விட்டுவிடும்.

அழுகை வேறு. வெயிலில் நின்ற வண்டியில் பக்கிளின் உலோகம் தோலைச் சுட்டுவிடும், முதலில் உங்கள் கையால் தொட்டுப் பாருங்கள். நெடும்பயணம் என்றால் அடிக்கடி வெளியே எடுங்கள். ஆனால் 'அழுகிறதே, பத்து நிமிடம்தானே' என்று ஓடும் வண்டியில் மடியில் வைக்காதீர்கள். மணிக்கு 50 கி.மீ. வேகம் என்பது நொடிக்கு 14 மீட்டர். மோதி அது பத்தில் ஒரு நொடியில் நின்றால், 10 கிலோ குழந்தை அந்தக் கணத்தில் 140 கிலோபோல முன்னால் இழுக்கும். அதைப் பிடித்து நிறுத்தும் கை யாருக்கும் கிடையாது.

பக்கிள் பூட்டவில்லை, அல்லது திறக்கவில்லை

பிஸ்கட் தூள். பத்தில் எட்டு முறை அதுதான் என்று என் அனுபவத்தில் சொல்வேன். கையேடு அனுமதித்தால் பக்கிளை மட்டும் வெதுவெதுப்பான நீரில் அலசி, பொத்தானைச் சில முறை அழுத்தி, நன்றாகக் காயவிடுங்கள். எண்ணெய் விடாதீர்கள், தூசியை இன்னும் பிடித்து வைக்கும். வார்களை வாஷிங் மெஷினில் போடுவது, பிளீச்சில் ஊறவைப்பது, இஸ்திரி போடுவது எதுவும் கூடாது, நூலின் பலம் போய்விடும். ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

கால் இடிக்கிறது, முன்பக்கமாகத் திருப்பலாமா?

கால் மடங்கியிருப்பது நமக்குத்தான் சங்கடமாகத் தெரிகிறது, குழந்தைகள் சப்பணம் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருக்கும். திருப்ப வேண்டியதைக் காட்டும் அறிகுறி தலையும் எடையும்தான்: தலை இருக்கையின் மேல்விளிம்பை நெருங்கினாலோ, லேபிளில் உள்ள எடை அல்லது உயர வரம்பைத் தொட்டாலோ அந்த இருக்கை முடிந்தது. அதுவரை பின்னோக்கியே இருக்கட்டும்.

பிறந்த குழந்தையின் தலை உடல் நீளத்தில் கால் பங்கு. கழுத்தெலும்புகள் இன்னும் முழுதாக ஒட்டாமல் குருத்தெலும்பால் இணைந்திருக்கும். முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தால், மோதலில் உடலை வார் பிடித்துக்கொள்ளும், அந்தப் பெரிய தலையைக் கழுத்து மட்டும் பிடிக்க வேண்டியிருக்கும். பின்னோக்கி இருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் இருக்கையின் முதுகே சேர்த்துத் தாங்கும். 1960களில் ஸ்வீடனில் பெர்டில் ஆல்ட்மன் இந்த யோசனையை முன்வைத்தார். விண்கலம் கிளம்பும்போது விண்வெளி வீரர்கள் முதுகைச் சாய்த்துப் படுத்திருப்பதைப் பார்த்து அவருக்கு இது தோன்றியது. அந்த நாட்டில் இன்றும் நான்கு வயதுவரைகூடக் குழந்தைகள் பின்னோக்கிப் போவது சாதாரணம். குழந்தை இருக்கைகளுக்கான ஐ.நா. விதி 129, 15 மாதம்வரை கட்டாயமாகப் பின்னோக்கி என்கிறது. அது குறைந்தபட்ச அளவு, 16ஆம் மாதம் திருப்பியே ஆக வேண்டும் என்பதில்லை.

பின்னால் இடமில்லை, முன்சீட்டில் வைக்கலாமா?

பின்னோக்கிய இருக்கையை, இயங்கும் ஏர்பேக் முன்னால் எக்காரணம் கொண்டும் வைக்காதீர்கள். ஏர்பேக் கண்ணிமைக்கும் நேரத்தில் வெடித்து விரியும், அடி நேராகக் குழந்தையின் தலைக்குப் பின்னால் விழும். ஏர்பேக்கை அணைக்கும் சாவி வண்டியில் இருந்து, அணைந்ததற்கான விளக்கு எரிந்தால் மட்டுமே யோசிக்கலாம். அதுவும் வேறு வழியே இல்லாதபோது.

பெல்ட் கழுத்தில் உரசுகிறது

இது வளர்ந்த குழந்தையின் புகார். அதுவே பெல்ட்டை எடுத்து அக்குளுக்குக் கீழே விட்டுக்கொள்ளும், அல்லது முதுகுக்குப் பின்னால் போட்டுக்கொள்ளும். அப்படி இருக்கும்போது மோதினால் பெல்ட் வயிற்றில் இறங்கிக் குடலையும் முதுகெலும்பையும் காயப்படுத்தும். பூஸ்டர் (வண்டியின் பெல்ட் சரியாகப் படியும்படி குழந்தையை உயர்த்தி உட்காரவைக்கும் இருக்கை) இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது என்றால் பூஸ்டர் வேண்டும். பூஸ்டரில் இருக்கிறது என்றால் தோள் உயரத்தில் இருக்கும் வழிகாட்டிக் கொக்கியில் பெல்ட் நுழைந்திருக்கிறதா பாருங்கள். வண்டி சீட்டின் தலைச்சாய்வு பூஸ்டரை முன்னால் தள்ளினால் அதை உயர்த்துங்கள், கையேடு அனுமதித்தால் கழற்றுங்கள்.

பூஸ்டர் எப்போது வேண்டாம்? முதுகை ஒட்டி உட்கார்ந்தால் முட்டி சீட்டின் விளிம்பில் மடங்க வேண்டும். மடிபெல்ட் தொடையின் மேல்பகுதியில், தோள்பெல்ட் தோளின் நடுவில் படிய வேண்டும். பயணம் முழுக்க அப்படியே உட்கார முடிய வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் பூஸ்டர் தொடரட்டும்.

"சட்டப்படி சரிதானே?"

சட்டம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. பிரிட்டனில் 12 வயது அல்லது 135 செ.மீ., எது முதலில் வருகிறதோ அதுவரை குழந்தை இருக்கை கட்டாயம். ஜெர்மனியில் 12 வயது அல்லது 150 செ.மீ. சிங்கப்பூரில் 1.35 மீட்டருக்குக் குறைவான உயரம் என்றால் ஏற்ற இருக்கை வேண்டும். இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த 194பி பிரிவின்படி, 14 வயதுக்குக் குறைந்த குழந்தையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1000 ரூபாய் அபராதம். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. அங்கே முதல் சட்டம் டென்னசி மாநிலத்தில் 1978இல் அமலுக்கு வந்தது.

135 செ.மீ.க்கும் 150 செ.மீ.க்கும் நடுவில் நிற்கும் குழந்தையின் இடுப்பெலும்பு நாட்டின் எல்லை தாண்டியதும் மாறிவிடாது. சட்டம் சொல்வது குறைந்தபட்சம், அவ்வளவுதான். ஆனால் ஒரு விஷயத்தில் அது கறாரானது: ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் ஆரஞ்சு நிற லேபிளில் வட்டத்துக்குள் 'ஈ' எழுத்தும், 44 அல்லது 129 என்ற விதி எண்ணும் இருக்க வேண்டும். அமெரிக்காவில் வாங்கிய இருக்கையில் அது இருக்காது, அதனால் ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் செல்லாது. அங்கிருந்து வாங்கிப்போனது அமெரிக்காவிலும் செல்லாது. நாடு மாறுகிறவர்கள் பெட்டியில் இடத்தை மிச்சப்படுத்திக்கொள்ளலாம்.

விபத்தில் அடிபட்டது, அல்லது யாரோ கொடுத்த பழையது

பிளாஸ்டிக்கின் அடியில் தயாரித்த தேதியும் பல இருக்கைகளில் காலாவதித் தேதியும் பொறித்திருக்கும். ஆயுள் பெரும்பாலும் 6 முதல் 10 ஆண்டு. லேபிள் கிழிந்திருந்தால், விபத்தில் இருந்ததா என்று கொடுப்பவருக்கே தெரியவில்லை என்றால், நன்றி சொல்லித் திருப்பிக் கொடுங்கள். பெரிய விபத்தில் இருந்த இருக்கையில் விரிசல் தெரியாவிட்டாலும் அதன் வேலை முடிந்துவிட்டது. சின்ன இடி என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு எதைச் சொல்கிறது என்றால்: வண்டியை ஓட்டிச் செல்ல முடிந்தது, இருக்கைக்குப் பக்கத்துக் கதவுக்குச் சேதமில்லை, யாருக்கும் காயமில்லை, ஏர்பேக் விரியவில்லை, இருக்கையில் கண்ணுக்குத் தெரியும் சேதமில்லை. ஐந்தும் பொருந்த வேண்டும். சில தயாரிப்பாளர்கள் அதற்கும் மாற்றச் சொல்வார்கள்.

தூக்கிப்போடுவதென்றால் முதலில் துணியைக் கழற்றி, வார்களைக் கத்தரியால் வெட்டி, பிளாஸ்டிக்கில் பெரிதாக 'பயன்படுத்த வேண்டாம்' என்று எழுதுங்கள். முழுசாகத் தெருவோரம் வைத்தால், மறுநாளே யாராவது எடுத்துப்போய்த் துடைத்து, தங்கள் குழந்தையை உட்கார வைத்துவிடுவார்கள்.